வந்துட்டு இருக்குதுங்க

கண்ணு,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற கதையை இந்தப் பூமியில் ஒருவரும் நம்பப்போவதில்லை. மேட்டூர் அணையில் இந்த நிமிஷம் நிற்கிற அத்தனை தண்ணீர் மேலும் சத்தியம் வைத்துச் சொல்கிறேன். மதகைத் திறந்துவிட்டார்கள் என்றால் சத்தியமும் தண்ணீரோடு ஈரோட்டுப் பக்கம் போய்விடும், அதற்கு நான் பொறுப்பல்ல. ஊர் நம்பாமல் போனால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. நீ நம்பமாட்டாய் என்பதுதான் கஷ்டம். பிறந்ததிலிருந்து என் வாயைக் கேட்டு வளர்ந்தவள் நீ. நம் கடைக்குப் பின்னால் இருக்கிற கிணற்றில் ஒரு திமிங்கலம் குடியிருக்கிறது என்று நான் சொன்னதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, டீச்சரிடம் குட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். நீ என் பேச்சின் மேல் வைத்திருந்த நம்பிக்கை அன்றைக்கே அந்தக் கிணற்றில் விழுந்துவிட்டது. இருந்தாலும் எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால், என் பீடிகை முடிவதற்குள் "சரிங்கப்பா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை கோபித்துக்கொண்டு மத்தியான பஸ்ஸிலேயே ஓசூருக்குக் கிளம்பினாய். பஸ் படியில் ஒரு கால் வைத்தபடி நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நீங்களும் அர்த்தனாரி மாமா மாதிரியே ஆயிட்டு வர்றீங்கப்பா. இந்த மாசத்தோட கடைய மூடிப்போட்டு எங்கூட வந்துருங்க." பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. எனக்குப் பேச்சு நின்றுபோனது என் வரலாற்றிலேயே அது இரண்டாவது முறை. முதல் முறை எப்போது என்று உனக்குத் தெரியும். பஸ்ஸும் போய்விட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்தான் இது. கொஞ்சம் நீளம். உட்கார்ந்து படி.

முதலில், உன் அம்மா போட்ட சட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாமக்கல் ஜில்லாவின் வணிகத் தலைநகரமும், லண்டனிலும் துபாயிலும் பொறாமையோடு பேசப்படுவதுமான நம் மளிகைக் கடையை, ஒருபக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையும் எதிர்ப்பக்கம் முருகேசனின் பஞ்சர் கடையும் இருக்கிற இந்தத் திருப்பத்தில் நாங்கள் திறந்த அன்றே அவள் சொல்லிவிட்டாள்: கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது. இது நம் பக்கத்துக் கடைக்காரர்கள் பலரிடமும் உள்ள வழக்கம்தான். இல்லை இல்லை என்றால் நிஜமாகவே இல்லாமல் போய்விடும் என்று அவர்களுக்கு ஒரு பயம். உன் அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவள் சொன்ன காரணம் வேறு. "ஒரு சாமானுக்குன்னு அத்தனை தூரம் நடந்து வாராங்க. இல்லீங்கன்னா மொகம் சுருங்கிப்போகுதுங்க. அதை யாரு பாத்துட்டு உக்காந்திருக்கறது." அதனால் துவரம்பருப்பு தீர்ந்துபோயிருந்தாலும் சரி, நம் கடை ஒருநாளும் பார்க்காத பொருளைக் கேட்டாலும் சரி, ஒரே பதில்தான்: "வந்துட்டு இருக்குதுங்க."

இந்தச் சட்டத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்பது உனக்கே தெரியும். பட்டறை ஆள் ஒருவர் சும்மா வம்புக்கு ஒட்டகப்பால் கேட்டார். "வந்துட்டு இருக்குதுங்க, ஒட்டகம் ஓமலூர் தாண்டிருச்சு, டோல்கேட்டுல ரசீது கேட்டு நிக்குது" என்றேன். கடை வாசலில் நின்ற பதினெட்டுப் பட்டிச் சனமும் சிரித்தது. சரி, நின்றது மூன்று பேர். உன் அம்மா மட்டும் சிரிக்காமல், "பேச்சுக்கு ஒரு அளவு வேணுமுங்க" என்று சர்க்கரையை நிறுத்தாள். அவளுக்குக் கோபம் வந்ததன் காரணம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. அந்தச் சொல் அவளுக்கு வாக்கு. எனக்கு வேடிக்கை. அவள் சொன்னால் மறுநாள் சரக்கு வரும். நான் சொன்னால் கதை வரும்.

பட்டறையில் வெல்டிங் வேலைக்கு வந்த ஒடிசாப் பையன் புதிதாகக் கல்யாணம் செய்து கூட்டிவந்த பெண் முதல்முதலாக நம் கடைக்கு வந்த நாளில் நீயும் இருந்தாயோ என்னவோ. தமிழ் ஒரு சொல் தெரியாது அவளுக்கு. எண்ணெய் பாட்டில்களைக் காட்டினாள், அதெல்லாம் வேண்டாம் என்று தலையாட்டினாள், கையைத் தேய்த்துக் காட்டினாள். உலக மொழிகள் அனைத்தும் அறிந்த நான் உடனே விஷயத்தைப் புரிந்துகொண்டு, முட்டிவலித் தைலத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, பாவம், அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். உன் அம்மா உள்ளேயிருந்து வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அஞ்சறைப் பெட்டியிலிருந்து கொஞ்சம் கடுகை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். அந்தப் பெண் தலையைத் தலையை ஆட்டினாள். கடுகு எண்ணெய். அவர்கள் ஊரில் அது இல்லாமல் சமையல் கிடையாதாம். "வந்துட்டு இருக்குதும்மா" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே போனாள். மறுநாள் சாயங்காலம், தெரிந்த பஸ் கண்டக்டர் மூலமாகச் சேலத்திலிருந்து கடுகு எண்ணெய் பாட்டில் வந்து நம் அலமாரியில் நின்றது. அம்மா போன அன்று அந்தப் பெண் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என்ன மொழியில் என்னவெல்லாம் சொல்லி அழுதாள் என்று எனக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் தோன்றவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், இதுவரை உனக்குச் சொன்னதில்லை. நீ ரெண்டாவது படிக்கும்போது கடைக்கு வாங்க வந்தவள் மாதிரி விளையாடுவாய். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "ஏனுங்க்கா, கடலை மிட்டாய் இருக்குதுங்களா?" என்பாய். உன் அம்மாவும் "இருக்குதுங்க அம்மிணி, எத்தனை மூட்டை வேணும்?" என்பாள். ஒருநாள் அதே விளையாட்டில், "ஏனுங்க்கா, ஒரு தம்பிப் பாப்பா குடுங்க" என்றாய். நான் மூலையில் உட்கார்ந்து புளி பிரித்துக்கொண்டிருந்தேன். 'வந்துட்டு இருக்குதுங்க' என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புளியைப் பார்த்துக்கொண்டேன். உனக்குப் பிறகு ஒன்று வயிற்றில் தங்கி, தங்காமல் போயிருந்தது. இனிமேல் வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவள் உன்னிடம் இல்லை என்றும் சொல்லவில்லை, வந்துட்டு இருக்கு என்றும் சொல்லவில்லை. கற்கண்டை ஒரு கை அள்ளி உன் பாவாடையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வராத ஒன்றை வருகிறது என்று சொல்ல அவளுக்கு மனது வரவில்லை, விளையாட்டுக்குக்கூட. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீ என்மேல் கோபப்பட்டது நியாயம். உன் அம்மா இருந்திருந்தால் அவளும் கோபப்பட்டிருப்பாள். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன்.

அர்த்தனாரி மச்சானை உனக்குப் பாதிதான் தெரியும். பின் தெருவில் இருக்கிற, சரசக்கா வீட்டுக்காரர். காஷ்மீரத்து ஆப்பிளும் நாசிக் வெங்காயமும் அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் லாரியில் ஏறச் சம்மதித்தன என்பார்கள். சொன்னது நான்தான், ஆனாலும் லாரி ஓட்டுவதில் அவர் ராஜா. உன் அம்மாவைத் தங்கச்சி என்றார், அதனால் நான் அவருக்கு மாப்பிள்ளை ஆனேன். வண்டியை விட்டு இறங்கி வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகு அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. இந்தியாவில் உள்ள செக்போஸ்ட் அத்தனையும் சொல்வார், காலையில் தின்ற இட்லி தெரியாது. தினமும் காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் கடைக்கு வந்துவிடுவார், எலுமிச்சம்பழம் வாங்க. லோடு ஏற்றிய வண்டி கிளம்பும் முன்னால் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தானே எடுப்பார்கள். பழம் வாங்க வருகிறார், ஆனால் வண்டி எங்கே இருக்கிறது? அது விற்றுப்போய் எந்தக் காலமோ ஆகிவிட்டது.

சரசக்கா முதலில் அவரை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிப் பார்த்தார். கதவைத் தட்டித் தட்டி அவர் கை வீங்கியது. அக்கா நம் கடையில் வந்து அழுதபோது உன் அம்மாதான் சொன்னாள், "வரட்டுங்க்கா. இங்க வந்துட்டுப் போறதுதான அவருக்கு இப்ப வேலை. அதையும் புடுங்கிப்போட்டா மனுசன் என்னத்துக்காவறது." அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. காலையில் அவர் வருவார். அம்மா டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்ணா" என்பாள். அவர் கம்பீரமாகத் தெருவில் இறங்குவார். எதிரில் முருகேசன் டயரை உருட்டிக்கொண்டே, "ஏனுங்ணா, வண்டி இன்னும் பாடி கட்டிட்டு இருக்குதுங்க, சாயந்திரமாத்தான் எடுக்கலாம்" என்று திருப்பிவிடுவான். "அப்படியா, செரி" என்று வீட்டுக்குப் போய்விடுவார். சாயங்காலம் சரசக்கா அதே பழங்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நம்மிடம் கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் அவரிடம் அதே பழங்கள் போகும். அந்த எலுமிச்சம்பழங்கள் போன ஊர்வலத்தை நாமக்கல் ஆஞ்சநேயரே போனதில்லை. வாடிச் சுருங்கிய பிறகு அவற்றை அம்மா ஊறுகாய் போடுவாள். நீ ஓசூருக்கு எடுத்துப் போய் உன் சிநேகிதிகளுக்கெல்லாம் கொடுத்துப் பெருமையடித்தாயே, அது அகில இந்தியப் பெர்மிட் பெற்ற ஊறுகாய்.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து நீ கிளம்பிப் போன பிறகு கடையைத் திறந்தேன். முதல் ஆளாக அவர்தான் வந்தார். "தங்கச்சி எங்கீங்க மாப்ள?" என்றார். காரியத்துக்கெல்லாம் வந்து உட்கார்ந்திருந்த மனிதர். நான் உண்மையைச் சொன்னேன், தவறிவிட்டாள் மச்சான் என்றேன். அப்படியே கடை வாசலில் குந்தி உட்கார்ந்து, "என்ரகிட்ட ஒருத்தருமே சொல்லலியே மாப்ள" என்று அழுதார். தேற்றி அனுப்பினேன். மறுநாள் வந்தார். அதே கேள்வி, அதே பதில், அதே அழுகை. அதற்கு மறுநாளும். செத்தவள் ஒருமுறைதான் செத்தாள், கண்ணு. நான்தான் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அவளைச் சாகடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் சரசக்கா பழங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "அழுதது அவருக்கு மறந்துபோவுதுங்க. கண்ணு வீங்கினது இருக்குதில்லீங்க. கண்ணாடியப் பாத்துப்போட்டு, ஏன் சரசு, எனக்கு என்னாச்சுன்னு என்னையக் கேக்கறாருங்க. நா என்னன்னு சொல்லட்டும்?"

அடுத்த நாள் காலையில் அவர் வந்து, "தங்கச்சி எங்கீங்க மாப்ள?" என்றபோது என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. "மேச்சேரிச் சந்தைக்குப் போயிருக்கா மச்சான். வந்துட்டு இருக்கா."

"ஆடு வாங்கவா?"

"ஆடுதான். கெடாய் ஒண்ணு யானை ஒசரத்துக்கு இருக்குதாம். பஸ்ஸுல ஏத்தமாட்டேங்கறாங்களாம், அதான் லேட்டு."

அவர் சிரித்தார். பழத்தை வாங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினார். நானும், உன் அம்மா போன பிறகு முதல்முறையாக, ஒரு டம்ளர் காபியை முழுசாகக் குடித்தேன்.

அதற்குப் பிறகு உன் அம்மா போகாத ஊர் இல்லை. உயிரோடு இருந்த காலத்தில் கல்லாவை விட்டு எழுந்து கோயிலுக்குப் போகவே ஆயிரம் தடவை யோசித்தவள். கெங்கவல்லிக்கு மரவள்ளிக் கிழங்கு வாங்கப் போனாள். அங்கே ஒரு கிழங்கை வெட்ட ஆரம்பித்து, அது ஆத்தூர் வரைக்கும் நீண்டுகொண்டே போனதால் அன்று வர முடியவில்லை. மேட்டூருக்கு மீன் வாங்கப் போனாள். அந்த மீன் அவளிடம் பேரம் பேசியது. முருகேசனும் சேர்ந்துகொண்டான். "ஆமாங்ணா, பஸ் ஸ்டாண்டுல இப்பத்தான் பாத்தேன், பையத் தூக்க முடியாம நிக்கறாங்க" என்று சாட்சி சொல்வான். பருப்பு வாங்க வந்து நிற்கிற பெண்கள்கூட, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, வந்துட்டு இருக்காங்க" என்பார்கள். சட்டம் போட்டவள் போய்விட்டாள். இந்தத் தெருவே அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் அவருக்காகத்தான் செய்தேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி இல்லை. சொல்லச் சொல்ல, அவள் இறந்துபோனவளாக இல்லாமல், நேரமாகிவிட்டவளாக ஆனாள். நேரமாகிவிட்டவளுக்குக் காத்திருக்கலாம் அல்லவா? திருச்செங்கோடு பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தால் தலை தானாக நிமிர்கிறது. இருட்டுவதற்கு முன்னால் அவள் உட்காரும் ஸ்டூலைத் துடைத்து வைக்கிறேன். அவர் மாதிரியே ஆகிறீர்கள் என்று நீ சொன்னாயே, உனக்குத் தெரிந்ததைவிட அது அதிகமாக உண்மை. எனக்கு ஞாபகம் போகவில்லை. போனால் தேவலை என்று இருந்தது, அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் நீ வந்தாய். காலையில் கடையில் நின்று யாருக்கோ ரவை நிறுத்துக்கொண்டிருந்தாய். அவர் வந்தார், கேட்டார். நான் மேட்டூர் மீன் கதையின் இரண்டாம் பாகத்தை எடுத்துவிட்டேன். கெண்டை அவள் சேலையைப் பிடித்து இழுத்து, போக விடமாட்டேன் என்று அடம்பிடிக்கிறது என்று சொல்லும்போது, நீ தராசுத் தட்டை மேஜைமேல் வைத்த சத்தம் கேட்டது. "அப்பா, போதும் நிறுத்துங்க. அம்மா செத்துப்போயிட்டாங்க. செத்துப்போயிட்டாங்கப்பா." நீ என்னைப் பார்த்துத்தான் சொன்னாய். அவர் அங்கே நிற்பதை நீ மறந்தே போய்விட்டாய் என்று எனக்குத் தெரியும். அவர் கையிலிருந்த பழங்கள் உருண்டு சாக்கடை ஓரம் போயின. "எப்பங்க அம்மிணி?" என்று உன்னைத்தான் கேட்டார். அவர் அழ ஆரம்பித்ததும் நீ உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உள்ளே நீ அழுததும் எனக்குக் கேட்டது. வெளியே ஒருவர், உள்ளே ஒருவர். நடுவில் நான் ரவையைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனிதான் நீ நம்பாத பகுதி. திங்கட்கிழமை காலையில் அவர் வந்தார். மறந்திருப்பார், மறுபடியும் கேட்பார், நான் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்கவில்லை. உன் அம்மாவின் ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் அவருக்கு ஞாபகம் இருந்ததா, இல்லை, துக்கம் மட்டும் காரணம் தெரியாமல் உள்ளே தங்கியிருந்ததா, சரசக்காவுக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும். பழங்களைக் கொடுத்தேன். அதிலிருந்து ஒன்றைத் தனியே எடுத்தார். கடைக்குள் ஒருநாளும் கால் வைக்காத மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, அந்தப் பழத்தை ஸ்டூல் காலுக்குப் பக்கத்தில் வைத்தார். சக்கரத்துக்கு வைப்பதுபோல, உருளாமல் ஒட்டி வைத்தார். "பொறப்பட்ட வண்டி பத்திரமாப் போய்ச் சேரட்டும் மாப்ள" என்றார். எப்போதும் 'பத்திரமா வரட்டும்' என்றுதான் லாரிக்காரர்கள் சொல்வார்கள். அவர் 'போய்ச் சேரட்டும்' என்றார். நிமிர்ந்து என் தோளில் கை வைத்து, ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சொல்லிப்போட்டுத்தான போனாங்க?"

"ஆமாங்க மச்சான். சொல்லிப்போட்டுத்தான் போனா."

"அப்பச் செரி" என்று கிளம்பிப் போய்விட்டார். அழவில்லை.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மேச்சேரிச் சந்தையில் ஆரம்பித்து அந்த மனிதரிடம் நான் சொன்னவற்றில் பொய் இல்லாத ஒரே பதில் அதுதான். அன்றிலிருந்து கிடா, கிழங்கு, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். தங்கச்சி எங்கே என்று அவர் கேட்டால், "சொல்லிப்போட்டுத்தான் போனா மச்சான்" என்கிறேன். சில நாள் "எப்ப வாராங்க?" என்பார். நான் பழத்தை எடுத்துக் கையில் கொடுத்து, "பாத்துப் போயிட்டு வாங்க" என்கிறேன். அதோடு முடிந்துவிடுகிறது. முருகேசனுக்குத்தான் வருத்தம், கதையை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று தினமும் கேட்கிறான். இனி நீ வரும்போது அவர் உன்னைக் கேட்டால் நீயும் பொய் சொல்ல வேண்டாம், சாமி. உடைத்தும் சொல்ல வேண்டாம். உன் அம்மா உனக்குக் கற்கண்டு அள்ளிப் போட்டாள் அல்லவா, அந்த மாதிரி ஏதாவது கையில் கொடு. எல்லாக் கேள்விக்கும் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடையை மூடிவிட்டு உன்னோடு வரச் சொன்னாய். இல்லை என்று சொல்ல எனக்கு இந்தக் கடையில் உரிமை கிடையாது. வருகிறேன் என்று சொல்லவும் இப்போது பயமாக இருக்கிறது, சொன்னால் வந்தாக வேண்டும். பின் தெருவிலிருந்து அந்தக் காக்கிச் சட்டை வந்துகொண்டிருக்கிற வரைக்கும் காலையில் இங்கே ஒருவர் ஷட்டரைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள். என் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் ஞாயிறுதோறும் வந்து பரிசோதித்துக்கொள். ஸ்டூல் துடைப்பதை நிறுத்தவில்லை. அது தூசிக்காக.

இனி, அவள் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்பதைச் சொல்லவேண்டும். உனக்குச் சொல்லச் சொன்னதை இவ்வளவு நாள் நான் வைத்திருந்தது தப்பு. நீ அன்று ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "நான் லேட்டா வந்துட்டேன், நான் லேட்டா வந்துட்டேன்" என்று அந்தச் சுவரில் தலையை மோதினாய். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? பிறகு, சொன்னால் உனக்கு இன்னும் வலிக்குமோ என்று பயம். அப்புறம், அது என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்ற ஆசையும் வந்துவிட்டது. உன் பங்கையும் சேர்த்து நானே வைத்துக்கொண்டேன்.

சேலத்தில் ஆபரேஷன் தியேட்டர் கதவு வரைக்கும் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நடந்தேன். என் விரலைப் பிடித்திருந்தாள். கை சில்லென்று இருந்தது. கதவைத் திறக்கிற நேரத்தில், "ஏனுங்க, பாப்பா எங்கீங்க?" என்றாள். அவள் முகம் சுருங்குவதை என்னால் பார்க்க முடியாது. "வந்துட்டு இருக்கா. தொப்பூர் தாண்டியாச்சு" என்றேன். அவளுக்கு என் வாயைத் தெரியும். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சொன்னது சரக்கா, கதையா என்று எடை போட்டுப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு சிரித்தாள். "செரிங்க. அவ வந்தா, நானும் வாரேன்னு சொல்லுங்க" என்றாள். கதவைச் சாத்திவிட்டார்கள். வாக்குக் கொடுத்து அவள் காப்பாற்றாமல் விட்டது அது ஒன்றுதான்.

தொப்பூர் என்று நான் சொன்னது புளுகு. உன் பஸ் அப்போது கிருஷ்ணகிரியைக்கூடத் தாண்டவில்லை, உன்னைத் தொப்பூர்க் கணவாய் தாண்ட வைத்தது நான்தான். ஆனால் நீ வந்துகொண்டிருந்தாய், சாமி. அது நெசம். அதைக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போனாள்.